கண்ணில் பட்டதும் படாததும்

ஒரு பாட்டு ஓடி முடிய நாலரை நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அறிவிப்பாளர்கள் என்ன செய்வீர்கள் என்று நேயர்கள் அடிக்கடி கேட்பார்கள். தேநீர் குடிப்போம், அடுத்த நேயரின் அழைப்பை எடுத்துக் காத்திருக்கச் சொல்வோம், வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துகளைப் புரட்டுவோம். நான் மாதத்தில் மூன்று நாள் தரையில் படுத்திருப்பேன். ஒலிபரப்பு அறையின் கம்பளத்தில், வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி. கடைசிச் சரணம் வந்ததும் எழுந்து, ஹெட்போனை மாட்டி, "வணக்கம், இனிய மாலை வணக்கம்" என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தொழில் அப்படி.

எனக்கு இப்போது 34 வயது. வலி தொடங்கியது கிள்ளானில், படிவம் ஒன்றில் படிக்கும்போது. அம்மா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பார். "கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்" என்பார் பாட்டி. தாமானில் இருந்த கிளினிக்கில் பொன்ஸ்டான் மாத்திரையும் எம்.சி.யும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்த மூன்று ஆண்டும் மாத்திரையில்தான் தேர்வு எழுதினேன். 28 வயதில் ஒரு காலை, கிள்ளானிலிருந்து வந்த கம்யூட்டர் ரயிலை விட்டு கே.எல். சென்ட்ரலில் இறங்கியவள் நடைமேடையிலேயே மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் ஸ்கேன், அதற்குப் பிறகுதான் ஒரு பெயர்: எண்டோமெட்ரியோசிஸ். முதல் வலியிலிருந்து கணக்குப் போட்டால் 15 ஆண்டு.

அந்த ஆண்டே அறுவை சிகிச்சையும் நடந்தது. மயக்கம் தெளிந்த மறுநாள் காலை டாக்டர் வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்தாச்சும்மா" என்றார். நான் சந்தோஷத்தில் அழுதேன். சொற்களை எடைபோட்டுச் சம்பளம் வாங்கும் நான், அந்த வாக்கியத்தை எடைபோடவில்லை. "எல்லாம்" என்ற சொல் காதில் விழுந்தது. "கண்ணுக்குத் தெரிஞ்சதை" என்ற சொல் விழவே இல்லை.

இரண்டு ஆண்டு நிம்மதி. பிறகு ஒலிபரப்பு அறையின் கம்பளம் மறுபடியும் என்னை அழைத்தது.

கருப்பையின் உட்சுவரில் ஒரு மென்படலம் உண்டு. மாதந்தோறும் தடித்து, உதிர்ந்து, மாதவிலக்காக வெளியேறுவது அதுதான். அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில் வளரலாம், கருப்பைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில், குடலின் மேல், சிறுநீர்ப்பையில், அபூர்வமாக நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத்தில்கூட வளரலாம். ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு அதுவும் வீங்கும், கசியும். ஆனால் வெளியேற வழியில்லை. சுற்றிலும் அழற்சி, தழும்பு, உறுப்போடு உறுப்பு ஒட்டிக்கொள்ளுதல். நம் பெண்கள் "சாக்லெட் சிஸ்ட்" என்று சொல்வது இதன் ஒரு வகை. சினைப்பைக்குள் பழைய இரத்தம் சாக்லெட் நிறத்தில் தேங்கிய கட்டி அது.

பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலை ஏழு மணிக் கம்யூட்டரில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பாருங்கள். 50 பேர் நின்றுகொண்டிருந்தால் அதில் ஐந்து பேர். கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நிற்கும் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் நிற்கவில்லை.

வலி திரும்பிய பிறகு பிரிக்பீல்ட்ஸில் வேறொரு மகப்பேறு நிபுணரைப் பார்த்தேன். தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது.

"முதல் ஆபரேஷன்ல எடுத்த படம் இருக்காமா? வீடியோ, போட்டோ, ஏதாச்சும்?"

இருந்தது. ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆறு ஆண்டாக அது என் அலமாரியில், காதுகுத்து ஆல்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் அதைக் கணினியில் செருகி ஒவ்வொரு படமாக ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, சுட்டியால் வட்டமிட்டார். "இங்க பாருங்க. தண்ணித் துளி மாதிரி இருக்கே, இது என்னன்னு எனக்கும் உறுதியாத் தெரியல. வெறும் ஈரமா இருக்கலாம். நோயாவும் இருக்கலாம்."

அந்த வட்டத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த வட்டத்திலிருந்து தொடங்கியது.

லேப்ரோஸ்கோப்பி என்ற துளைவழி அறுவை சிகிச்சை எப்படி நடக்கிறது? தொப்புளருகே ஒரு சிறு கீறல். அதன் வழியே கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். ஒரு கேமராக் குழாய் உள்ளே போகிறது. மருத்துவர் திரையைப் பார்த்து வேலை செய்கிறார். (இந்தக் கலையைத் தமிழகத்தில் வளர்த்த முன்னோடிகளில் ஒருவரான கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் டாக்டர் பழனிவேலு, இளமையில் நம் மலேசியத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தவர். நம் தோட்டத்து வெயிலைப் பார்த்தவர் என்பதால் சொல்லத் தோன்றியது.)

திரையில் தெரிவது இளஞ்சிவப்பான, ஈரமான, பளபளக்கும் ஒரு உலகம். அதில் இந்த நோய் ஒரே வேடத்தில் வருவதில்லை. பாடநூல்கள் முதலில் சொல்வது வெடிமருந்து கருகியதைப் போன்ற கரும்புள்ளி. அது கண்ணில் பட்டுவிடும். ஆனால் நோய் சிவப்பாகவும் இருக்கும், தழும்புபோல் வெள்ளையாகவும் இருக்கும், நிறமே இல்லாத கொப்புளமாகவும் இருக்கும். 1987-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ரெட்வைன் ஒன்றைக் கவனித்து எழுதினார்: இந்த நிறம் வயதோடு மாறுகிறது. இளம்பெண்களிடம் நிறமற்ற, சிவந்த புள்ளிகள் அதிகம். கறுப்பு, வயது ஏற ஏறத்தான் கூடுகிறது. அதாவது, சீக்கிரமே வந்து படுக்கும் இளம்பெண்ணிடம்தான் நோயைக் கண்ணால் பிடிப்பது கடினம். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. நோய் என்று நினைத்து வெட்டி எடுத்த எல்லாமே பரிசோதனைக்கூடத்தில் நோய் என்று உறுதியாவதில்லை. பழைய தழும்பாக, சாதாரண இரத்தக் கசிவாக முடிவதும் உண்டு. கண் இரண்டு வழியிலும் ஏமாறுகிறது: இருப்பதை விடுகிறது, இல்லாததை எடுக்கிறது. எடுக்கும் இடம் குடலுக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் பக்கம் என்றால், இரண்டாவது ஏமாற்றமும் சின்ன விஷயமில்லை.

2009-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளில் 21.5 விழுக்காட்டினருக்கும் ஐந்து ஆண்டுகளில் 40 முதல் 50 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்புவதாக மதிப்பிட்டது. எல்லாமே கண் தவறவிட்டதால் அல்ல. புதிதாக முளைக்கலாம். கருப்பைச் சுவருக்குள்ளேயே திசு ஊடுருவும் அடினோமயோசிஸ் சேர்ந்திருக்கலாம். பல ஆண்டு வலித்த நரம்புகள், காரணம் போன பிறகும் வலியைப் பழக்கமாக வைத்திருக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "வலி வந்துடுச்சுன்னா மிச்சம் இருக்குன்னு அர்த்தம் இல்லமா." ஆனால் விட்டுப்போன மிச்சமும் ஒரு காரணம் என்பதை அவர் மறுக்கவில்லை.

கண்ணுக்கு எப்படி உதவுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவரின் கதை, சென்னையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணோடு பின்னியிருக்கிறது. 'டாப் செஃப்' சமையல் நிகழ்ச்சியை நடத்திய பத்மா லட்சுமியைத் தெரியாதவர்கள் குறைவு. 13 வயதில் தொடங்கிய வலிக்கு அவருக்குப் பெயர் கிடைத்தது 36 வயதில். 23 ஆண்டு! பணமும் புகழும் இருந்தும், நியூயார்க்கில் இருந்தும். அவருக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் டேமர் செக்கினோடு சேர்ந்து 2009-இல் அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையை அவர் தொடங்கினார். அந்த செக்கின் கையாளும் முறைக்கு 'அக்குவா ப்ளூ' என்று பெயர். நீலச் சாயம் கலந்த நீரை வயிற்று உறையின் அடியில் செலுத்துகிறார். எல்லாமே சிவப்பாக இருக்கும் இடத்தில் பின்னணி நீலமாகிவிட்டால் நோய்ப்புள்ளிகள் எடுப்பாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. சிவப்புப் புடவையில் குங்குமம் சிந்தினால் தேடவேண்டும். நீலப் புடவையில் தேடவேண்டாம்.

இன்னொரு சாயம் பச்சை. இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐ.சி.ஜி. கோடாக் நிறுவனத்தின் புகைப்பட ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1959-இல் அமெரிக்காவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. நரம்பில் ஊசியாகச் செலுத்தினால் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். கண்ணுக்குத் தெரியாத, 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் ஒளிரும்; அதற்கான கேமரா அந்த ஒளிர்வைத் திரையில் பச்சையாகக் காட்டும். அந்த ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர்வரை ஊடுருவும் என்பதால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருப்பதும் தெரிய வாய்ப்புண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சையிலும், குடலை வெட்டித் தைத்த பிறகு இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும் நோய் என்பதால், இதிலும் முயன்றார்கள்.

பலன் கலவையாகத்தான் இருக்கிறது. காரணம் எளிது. ஐ.சி.ஜி.க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது இரத்தம் மட்டுமே. இரத்த ஓட்டம் அதிகமுள்ள சிவந்த புள்ளி ஒளிரும். பக்கத்தில் சாதாரண அழற்சி இருந்தால் அதுவும் ஒளிரும். இரத்தக் குழாய் குறைந்த வெள்ளைத் தழும்பு இருட்டிலேயே இருந்துவிடும்.

இதை என் தொழிலில் வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பழைய வானொலிப் பெட்டியில் முள்ளைத் திருப்பி நிலையத்தைப் பிடிப்போம் அல்லவா? ஒலி அளவைக் கூட்டினால் நிலையம் கிடைத்துவிடாது; இரைச்சலும் சேர்ந்தே கூடும். நிலையம் எந்த அலைவரிசையில் வருகிறது என்று தெரியவேண்டும். ஐ.சி.ஜி. ஒலி அளவைக் கூட்டுகிறது. இப்போது ஆய்வாளர்கள் தேடுவது அலைவரிசையை.

அந்த அலைவரிசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் திசு உயிர்க்குறி. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் பரிசோதனைக்கூடங்களில் தினமும் நடப்பதுதான். அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டு நோய்க்குறியியல் நிபுணரிடம் போகிறது. கருப்பை உட்படலத்தின் சுரப்பிகளும் அவற்றைச் சுற்றிய தாங்குதிசுவும் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார். சந்தேகம் இருந்தால், சி.டி.10 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றுகிறார். அந்தத் தாங்குதிசு இருந்தால் பழுப்பு நிறம் ஏறும். ஆக, நோயை அதன் புரதத்தை வைத்து அடையாளம் காண நமக்குத் தெரியும். ஆனால் வெட்டி எடுத்த பிறகு, ஒரு தகட்டில், சில நாள் கழித்து. அதையே நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது, அவர் உடலுக்குள், திரையில் ஒளிர வைக்க முடியுமா? கேள்வி அவ்வளவுதான்.

முடியும் என்பதற்குப் புற்றுநோய் மருத்துவத்தில் சாட்சி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை தெரியும்தானே? அந்த ஃபோலேட்டை வாங்கிக்கொள்ளும் 'ஃபோலேட் ஏற்பி ஆல்பா' என்ற புரதம், சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலும் மிக அதிகம். ஃபோலேட்டின் முதுகில் ஒளிரும் சாயத்தை ஏற்றி அனுப்பினால், புற்றுச் செல் ஏமாந்து அதையும் வாங்கிக்கொள்ளும். 2011-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மருத்துவர்கள், சினைப்பைப் புற்றுநோய் இருக்கலாம் என்று கருதப்பட்ட 10 பெண்களிடம் இதை முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். 2021 நவம்பரில் இதே வழியில் உருவான பாஃபோலசியனின் என்ற மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. மருந்தைச் செலுத்துவதற்கு 48 மணி நேரம் முன்பிருந்து ஃபோலேட் மாத்திரை சாப்பிடவேண்டாம் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. கதவில் ஏற்கெனவே ஆள் நின்றால் சாயம் உள்ளே போகாது.

அப்படியானால் எண்டோமெட்ரியோசிஸுக்கும் அதையே செய்யலாமே? ஆய்வாளர்களும் அப்படித்தான் யோசித்தார்கள். ஃபோலேட் ஏற்பி இந்த நோயின் சுரப்பிச் செல்களிலும் காணப்படுகிறது. ஆனால் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கருப்பைக்குள் இருக்கும் இயல்பான படலமும் நோய்த் திசுவும் பங்காளிகள். ஒன்றில் இருப்பது பெரும்பாலும் மற்றதிலும் இருக்கும். கருக்குழாயின் உட்சுவரிலும் அந்த ஏற்பி உண்டு. எப்கேம் என்ற இன்னொரு புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்று உறையில் அது கிடையாது. நோயின் சுரப்பிகளில் உண்டு. நல்ல வேறுபாடு. வயிற்று உறையின் மேல் தேட அருமையான அலைவரிசை. ஆனால் குடலின் உட்சுவர் முழுக்க எப்கேம்! நோய் குடலுக்குள் ஊடுருவியிருந்தால், எல்லா நிலையமும் ஒரே நேரத்தில் பாடும்.

இன்னொன்று. ஆழமாக வேர்விட்ட நோயில் சுரப்பிகள் கொஞ்சம்தான், பெரும்பகுதி தழும்பு. ஆற்று மணலில் அங்கங்கே சில சிப்பிகள் கிடப்பதுபோல. சுரப்பியை மட்டும் ஒளிரவைத்தால் சிப்பி தெரியும், மணல் எங்கே முடிகிறது என்பது தெரியாது. அறுவை மருத்துவருக்கு அந்த எல்லைதான் வேண்டும். அதோடு மாதச் சுழற்சியின் நாளுக்கு ஏற்ப, சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைக்கு ஏற்ப, இந்தத் திசுவின் சில புரதங்கள் ஏறும், இறங்கும். அதனால்தான் ஒரே குறியைப் பிடித்துத் தொங்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது பற்றியும் பேசுகிறார்கள்.

சில முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. 2020-இல் அமெரிக்காவின் ஒரிகன் ஆய்வாளர்கள், குரங்கின் கருப்பை உட்படலத் திசுவை எலிகளில் பதித்து, அந்தத் திசுவில் சேரும் நுண்துகள்களை இரத்தத்தில் செலுத்தினார்கள். அகச்சிவப்பு ஒளியில் அவை ஒளிர்ந்து இடத்தைக் காட்டின. ஒளியின் சக்தியைக் கூட்டியதும் சூடாகி அந்தத் திசுவை அழித்தன. விளக்கும் அதுவே, கத்தியும் அதுவே. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளம் என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடமே ஒரு சோதனை நடந்திருக்கிறது. புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்களில் இருக்கும் ஆல்பா-வி பீட்டா-3 என்ற இன்டெக்ரின் புரதத்தைப் பிடிக்கும் மாரசிக்லாடைட் என்ற பொருளில் மிகச் சிறிய அளவு கதிரியக்கத்தைச் சேர்த்து, அறுவை சிகிச்சைக்கு முன்பே ஸ்கேனில் நோயைத் தேடுகிறார்கள். வழக்கமான ஸ்கேனில் எளிதில் சிக்காத மேற்பரப்புப் புள்ளிகள்தான் அவர்களின் குறி. கத்தியை எடுப்பதற்கு முன்பே வரைபடம் கையில் இருந்தால் எவ்வளவு நல்லது.

எண்டோமெட்ரியோசிஸை மட்டும் குறிவைத்து அறுவை மேசையில் ஒளிரவைக்கும் சாயம் இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சையாக இல்லை. நான் இந்த நோயைப் பற்றிப் பேசிய நிகழ்ச்சிக்குப் பிறகு ஷா ஆலாமிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். கணக்காளராக வேலை பார்க்கிறாள். "அக்கா, பச்சை லைட் போட்டு எடுக்குறாங்களாமே, அதைச் செஞ்சா திரும்ப வராதாம்லா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: பச்சை விளக்கு இரத்தத்தைக் காட்டும். நோயின் பெயரைச் சொல்லாது. அதற்காகவே கூடுதல் பணம் கேட்டால், எனக்கு அதில் என்ன பயன் என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? என் கருத்தை ஒளிக்கவில்லை. இது கொல்லும் நோயல்ல. கொல்லாத நோய்க்கு, அதுவும் பெண்ணின் வலிக்கு, பணம் கடைசியில்தான் வரும். அறிவியல் காரணமும் இருக்கிறது, மறுக்கமாட்டேன்: புற்றுநோயாளிக்கு ஒரு சாயத்தின் சிறு ஆபத்தை ஏற்கலாம், நாளை பிள்ளை பெற நினைக்கும் 25 வயதுப் பெண்ணின் உடலில் செலுத்தும் பொருளுக்கு அளவுகோல் கடுமையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் 1920-களிலேயே அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் பெயர் சூட்டிவிட்ட நோய் இது. நூறு ஆண்டு கழித்தும் நம்மிடம் இருப்பது முக்கியமாக நல்ல கண்ணும் நல்ல கையும்தான்.

அப்படியென்றால் நல்ல கண்ணைத் தேடவேண்டியதுதான். 2022-இல் ஐரோப்பிய மகப்பேறு ஆய்வுச் சங்கத்தின் வழிகாட்டி, நோயைக் கண்டுபிடிப்பதற்காக மட்டுமே எல்லாரையும் அறுவை மேசைக்குக் கொண்டுபோகவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. முதலில் பயிற்சி பெற்றவர் செய்யும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. அவற்றில் எதுவும் தெரியவில்லை என்றாலோ, மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றாலோதான் கேமரா. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடனே கர்ப்பம் தரிக்க நினைக்காதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்வதும் வலி திரும்புவதைக் குறைக்கும். என் முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்கு அந்த மருந்தை எழுதித் தந்தார்கள். நான் எட்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன். எடை கூடுகிறது என்று யாரோ சொன்னார்கள், அதனால். அந்தத் தவறு என்னுடையது.

இரண்டாவது அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. எம்.ஆர்.ஐ.யில் கருப்பைக்குப் பின்னால், குடலை ஒட்டி ஒரு முடிச்சு தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் டாக்டரிடம் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். குடல் அறுவை நிபுணர் உடன் இருப்பாரா? சுட்டுவிட்டு விடுவீர்களா, வெட்டி எடுப்பீர்களா? சந்தேகமான இடத்திலிருந்து துண்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? எடுக்கும் முன்பும் எடுத்த பின்பும் படம் பிடிப்பீர்களா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் நானே கேட்டேன்: "எல்லாத்தையும் எடுத்துருவீங்களா டாக்டர்?"

"தெரியுறதை எடுப்பேன்மா. தெரியாததுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

ஆறு ஆண்டுக்கு முன் கேட்ட அதே வாக்கியம்தான். இந்த முறை முழுவதுமாகக் காதில் விழுந்தது. சரி என்றேன்.

அன்று இரவு கிள்ளான் வீட்டில் அம்மாவிடம் அந்தப் பழைய படங்களைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிக்கணினிக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். தன் மகளின் வயிற்றின் உட்புறத்தை ஒரு தாய் பார்ப்பது எப்படி இருக்குமோ, எனக்குத் தெரியாது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு திரையை விரலால் தொட்டார்.

"இதுல எதும்மா நோய்?"

கரும்புள்ளி இரண்டைக் காட்டினேன். அந்தத் தண்ணீர்த் துளியையும் காட்டினேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கா நான் வெந்தயம் குடுத்தேன்" என்றார்.

அறுவை சிகிச்சை அடுத்த மாதம். இரண்டு வார நிகழ்ச்சிகளை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறேன். விடுப்புப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் இத்தனை ஆண்டும் "வயிற்று வலி" என்றே எழுதிவந்தேன். இந்த முறை நோயின் பெயரை எழுதினேன். மனிதவளப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்து, அதற்கு எழுத்து என்னென்ன என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்ததும், "என் தங்கச்சிக்கும் டாக்டர் இதைத்தான் சொன்னாங்க அக்கா, எனக்கு எழுதத்தான் தெரியல" என்றார்.